ஒரு மேகம் போதும்

புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தை ஒட்டிய லாஸ்பேட்டை, பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோனின் பெயரைத் தாங்கியது என்பார்கள். 1768-இல் புதுச்சேரிக்கு வந்திறங்கிய கியோம் லெ ழான்தி என்ற வானியலாளருக்கு, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

சூரியனின் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் லெ ழான்தி. வரும் வழியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. 1761-இன் கடப்பை ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டாண்டு கீழைக் கடல்களிலேயே தங்கினார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது.

அந்த மேகம் இன்றும் வழிமறிக்கிறது. 2023 டிசம்பர் 11 அன்று நாசாவின் சைக்கி விண்கலம், 3.1 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அகச்சிவப்பு லேசரில் ஒரு பூனையின் காணொலியை அனுப்பியது. வேகம் விநாடிக்கு 267 மெகாபிட். ரேடியோவைவிட ஒளிக்கு அலைநீளம் மிகக் குறைவு. அதனால் கற்றை அகலாமல் குறுகிப் பாய்கிறது, அதே ஆற்றலில் பல மடங்கு தரவு வந்து சேர்கிறது. ஆனால் குறி தப்பக்கூடாது. ஒளி வந்து சேர 101 விநாடி. அதற்குள் பூமி தன் பாதையில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணில் தெரியும் பூமியை விட்டுவிட்டு, இனி வரப்போகும் பூமியைக் குறிவைக்க வேண்டும். மனிதர் இதைச் சாதித்ததை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இத்தனையும் செய்த கற்றையை ஒரு மேகம் நிறுத்திவிடும். பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் நிற்கும் இஸ்ரோவின் 32 மீட்டர் ரேடியோ ஆன்டெனா, மேகத்தினூடேயும் கேட்கும். ஒளிக்கு அந்த வரம் இல்லை. லேசரின் வலுவைக் கூட்டியும் பெரிய பயனில்லை. வேண்டியது வேறொரு வானம்.

லெ ழான்திக்கு அந்த வானம் கிடைத்திருந்தது. 1769-இன் கடப்பை முதலில் மணிலாவிலிருந்து பார்க்கத்தான் நினைத்தார். அவர் கொண்டுவந்த கடிதங்கள் போலியோ என்று அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் சந்தேகித்ததும் அவர் கிளம்பி வந்ததற்கு ஒரு காரணம். கடப்பு நாளில் மணிலா வானம் தெளிந்திருந்தது. மேகத்தை நொந்து என்ன பயன்? அவரை அங்கிருந்து கிளப்பியதில் மனிதரின் அவநம்பிக்கைக்கும் பங்குண்டு. ஆயினும் தாகித்தியில் ஆங்கிலக் கடலோடி குக்கும், வேறு பல நாடுகளில் வேறு பலரும் அளந்தார்கள். எல்லோருடைய கணக்கையும் சேர்த்துத்தான் சூரியனின் தொலைவு கிடைத்தது.

2025 ஜூலையில் சைக்கியின் லேசர் ஒளியைக் கிரேக்க மலையொன்றில் ஐரோப்பியர் வாங்கினார்கள். கருவடிக்குப்பத்தின் மேல் ஐப்பசி மேகம் திரளும் நாளில் லடாக்கின் ஹன்லே தெளிந்திருக்கலாம். ஹன்லேயும் மூடிக்கொண்டால் எல்லைக்கு அப்பாலுள்ள வானம்தான் கைகொடுக்க வேண்டும். நம் கலத்தின் செய்தியை அந்த நாட்டார் வாங்கித் தருவார்களா, அவர்களுடையதை நாம் வாங்கித் தருவோமா என்பது பொறியாளர் கையில் இல்லை.