மகிழ்ச்சிக்கு ரசீது

வெளிநாட்டுக்குக் கல்விப் பயணம் போய்வந்த பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி வீட்டுக்கு வீடு மாறுகிறது. வசதியான வீட்டுப் பையன் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பிரான்சுக்குப் போய்வந்தால், "நல்லா என்ஜாய் பண்ணியா?" என்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளை போய்வந்தால், "என்ன கத்துக்கிட்டு வந்த?" என்கிறோம். இரண்டும் அன்பாகக் கேட்பவைதான். ஆனாலும் இரண்டாவது கேள்வியில் கணக்குக் கேட்கும் தொனி ஒன்று இருக்கிறது.

2022 நவம்பரில் அரசுப் பள்ளி மாணவர்கள் சிலரைத் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை சார்ஜா பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனது. அதன்பின் வேறு நாடுகளுக்கும் பிள்ளைகள் போய்வருகிறார்கள். இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் எங்கள் சங்கரன்கோவில் டீக்கடைகளில், "ஊரு சுத்தவா அனுப்புதாங்க?" என்று ஒரு குரல் எழும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியும் துபாய்ப் பக்கம் போய்வந்தாள். அப்பாவுக்கு விசைத்தறியில் வேலை. அம்மா வீட்டில் தார் சுற்றுவார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய வீடு அது. திரும்பி வந்தவளைத் தெருக்காரர் ஒருவர் மறித்தார்.

"ஏ தாயி, அம்புட்டு தூரம் போனியே, என்னத்தப் படிச்ச?"

"மாமா, அங்க மெட்ரோ ரயில்ல டிரைவரே கிடையாது! அதுவா போகுது, அதுவா நிக்குது. நாங்க எல்லாரும் முன்னாடி கண்ணாடிகிட்டப் போயி நின்னுக்கிட்டோம். இறங்கவே மனசில்ல."

"இதுக்கா கவர்மெண்டு காசு கொடுக்கு?"

அவள் முகம் சுருங்கிப்போனது. அதன்பின் யார் கேட்டாலும் புத்தகக் கடைகளையும் அருங்காட்சியகத்தையும் மட்டும் வரிசையாக ஒப்பித்தாள். ரயிலை விட்டுவிட்டாள்.

எனக்கு அந்த ரயில்தான் முக்கியமாகப் படுகிறது. துபாய் மெட்ரோ 2009 முதல் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தால் தேர்வோடு மறந்திருப்பாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தோழிகளோடு கூச்சல் போட்டுப் பார்த்தது சாகும்வரை மறக்காது. யார் இதைச் செய்தது, எப்படி ஓடுகிறது என்ற கேள்விகள் அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் பிறக்கும்.

அரசுப் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு செலவானது, பாதுகாப்பு எப்படி என்றெல்லாம் அதிகாரிகளிடம் கேட்கட்டும். பிள்ளையின் சிரிப்புக்கு ரசீது கேட்பது வேறு. பணக்காரப் பிள்ளைக்குச் சும்மா சுற்றிப் பார்க்கும் உரிமை பிறப்பிலேயே வந்துவிடுகிறது. ஏழைப் பிள்ளைதான் ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் பயன் காட்ட வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊரைப் பாருங்கள். சுற்றுவட்டக் கிராமங்களெல்லாம் இங்கேதான் திரண்டு நிற்கும். சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறை விடுவார்கள். கோயிலை ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டம் ஒருபக்கம், ராட்டினத்தில் கத்துகிற பிள்ளைகள் ஒருபக்கம். பக்திக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே யாரும் கோடு போடுவதில்லை. திருவிழாவில் என்ன கற்றாய் என்று எந்தத் தாத்தாவும் பேரனைக் கேட்டதில்லை.

அந்தத் தபசின் கதையே பார்ப்பதைப் பற்றியதுதான். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் என்ற நாக அரசர்கள் வாதாடினார்கள். அதைத் தீர்க்கக் கோமதியம்மன் தவமிருக்க, இறைவன் சங்கரநாராயணராக, பாதி அரனும் பாதி அரியுமாகக் காட்சி தந்தார். வாதத்தால் தீராத வழக்கு கண்ணால் கண்டதும் தீர்ந்தது.

மாணவர் பரிமாற்றத்துக்குப் பின்னால் உள்ள எண்ணமும் இதற்குத் தூரமில்லை. இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள் ஏ.எஃப்.எஸ். அமைப்பினர். இரண்டாம் போர் முடிந்ததும் அவர்கள் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பி, அயல் வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள் கண்ட மருந்து அது. ஒரே மேசையில் உண்டு, ஒன்றாக ஊர் சுற்றிச் சிரித்தவர்களுக்கு ஒருவரையொருவர் வெறுப்பது கடினம் என்று அவர்கள் நம்பினார்கள். ஜப்பானிலோ, மாணவர்கள் கூட்டமாக வெளியூர் போய்த் தங்கிவரும் சுற்றுலா பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியாகவே நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு நாளையாவது குறிப்பேடு இல்லாமல் விடுங்கள். அந்த நாளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று: பிள்ளை ஊர் திரும்பியதும் முதலில் "நல்லா இருந்துச்சா?" என்று கேளுங்கள். என்ன கற்றது என்பதைப் பிள்ளையே சொல்லும்.