பயன் கருதிய அருள் அறமாகுமா?

பங்குனி பிறந்து இளவேனில் தலைகாட்டும் நாள்களில், மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரி புதுக்கோலம் கொள்கிறது. குளிர்காலத்தைக் கழிக்க வடபுலத்திலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் திரும்பத் தொடங்கிவிடும். நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் முதலியவற்றின் குஞ்சுகள் சிறகு முற்றிப் பறக்கப் பழகும். பிந்திப் பொரித்தவை இன்னும் கூட்டில் இருக்கும். வெயில் ஏறும்போது பெற்ற நாரை சிறகை விரித்து, தான் வெயிலில் நின்று, குஞ்சுக்கு நிழல் தரும்.

வேடரின் பெயரைத் தாங்கிய இவ்வூர் பறவைகளுக்கு அடைக்கலமானது வியப்பே. அவ்வடைக்கலத்தைத் தந்தவர்கள் ஊர் உழவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று அவர்களுக்கு ஆணை வழங்கினார். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆயினும் இக்காவலில் ஊராருக்கு ஒரு பயனும் உண்டு. அயல் நீர்நிலைகளிலும் வயல்களிலும் இரை தேடும் பறவைகள் இங்கே வந்து தங்குகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் சேர்க்கிறது. அந்நீர் பாயும் வயலுக்கு அதுவே எரு. அப்படியானால் இதனை அருள் என்பதா, வாணிகம் என்பதா?

இவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கொலையைச் செயலால் மட்டுமன்றி எண்ணத்தாலும் அளப்பது நம் சமயம். கொல்ல நினைத்தவன் கொல்லாவிடினும் வினை உண்டு என்போம். அவ்வாறாயின், காத்தலையும் எண்ணத்தால் அளப்பதன்றோ முறை?

அளந்தே பார்ப்போம். பறவையால் பெறும் பயன் எரு ஒன்று மட்டுமன்று, ஊனும் பயனே. அது உடனே கைக்கு எட்டுவது. எருவோ காத்திருந்து பெறுவது. இரண்டும் எதிரில் இருக்க, உயிரோடு விடுவதைத் தேர்ந்தவன் கவணைக் கீழே வைத்துவிட்டான். பயன் அவனை அறத்தின் வாயில்வரை அழைத்து வந்தது. அதற்காக அவனை இகழ்தல் தகாது. ஆனால் வாயிலோடு நின்றுவிட்டால், பயன் குறையும் நாளில் கருணையும் குறையும் அன்றோ?

உள்ளே நுழைந்தோரையும் காணலாம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மகாவீரர் முக்தியடைந்த அந்நாளை நாமும் கொண்டாடுகிறோம். வெடிக்காத வெடிக்கு ஈடாக அவ்வூர்ச் சிறுவன் எந்த எருவைப் பெறுகிறான்? தன் இன்பத்தில் ஒரு பகுதியைப் பிற உயிருக்காக விட்டுக்கொடுக்கும் இடத்திலேதான் பயன் முடிந்து அறம் தொடங்குகிறது.

இனி, நம்மையும் அளந்துகொள்வோம். இளவேனில் விடுமுறையில் குடும்பத்தோடு பறவை காணச் செல்லும் நாம் வயலுக்கு எரு கேட்பதில்லை. ஆனால் கண்ணுக்கு விருந்து கேட்கிறோம். அதுவும் பயனே. இன்னும் அருகில் சென்று காண வேண்டும், படம் பிடிக்க வேண்டும் என்னும் ஆவலில் கூட்டை நெருங்கினால், நிழல் தந்து நின்ற நாரை அஞ்சி எழும். குஞ்சு வெயிலில் வாடும். காத்திருக்கும் காகத்துக்கு முட்டை இரையாகும். கையில் கல்லில்லை, நெஞ்சில் கொலையெண்ணமும் இல்லை. எனினும் நம் ஆவல் ஓர் உயிரைக் கொன்றுவிடும்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று. கண்ணின் விருப்பத்துக்கும் அவ்வரம்பு பொருந்தும். கரைமேல் நின்று, குரலைத் தாழ்த்தி, தொலைநோக்கியில் தெரிவதைக் கண்டு மகிழ்ந்து, தெரியாததை விட்டுத் திரும்புவோம். பிள்ளைகள் ‘இன்னும் கிட்டப் போகலாம்’ என்று கேட்கும்போது, ஏன் போகலாகாது என்பதை அங்கேயே சொல்லிக் கொடுப்போம். பயன் கருதா அருளின் முதற்பாடம் அதுவே.