வரிசையில் நிற்பவனுக்குத் தண்ணீர்

நடுத்தீர்வை நாளில் நம் ஆண்டவர் எதைப் பற்றி விசாரிப்பார் என்று கேட்டால், ஞானோபதேசம் படிக்கும் சிறு பிள்ளையும் தடுமாறாமல் பதில் சொல்லும். பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, தாகித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்பதே அந்த விசாரணை. கோடைதோறும் தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பழகிய நமக்கு, தண்ணீர் கொடுப்பதையே குற்றமாக்கும் சட்டம் ஒன்று உண்டென்றால் நம்புவது கடினம். ஆனால் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கவர்னர் கெம்ப் 2021 மார்ச் 25ந் தேதி கையொப்பமிட்ட தேர்தல் சட்டத்தில் அத்தகைய விதி ஒன்று சேர்க்கப்பட்டது. ஓட்டுச் சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும், வரிசையில் நிற்கும் வாக்காளரிடமிருந்து 25 அடிக்குள்ளும் எவரும் அவர்களுக்கு உணவோ பானமோ கொடுக்கலாகாது. மீறியவருக்கு ஓராண்டு வரை சிறைவாசம் கிடைக்கலாம்.

அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. தண்ணீர் கொடுக்கும் சாக்கில் கட்சிக்காரர்கள் வரிசையில் புகுந்து ஓட்டுக் கேட்பார்கள் என்பது சட்டத்தை இயற்றிய குடியரசுக் கட்சியார் சொன்ன காரணம். அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒரு குவளை தண்ணீரும் ஒரு புன்சிரிப்பும் தேர்தல் நாளில் எவ்வளவு வேலை செய்யும் என்பது நமக்குத் தெரியாததா? மேலும், வாக்காளர் தாமே எடுத்துக் குடிக்கும்படி தண்ணீர் வைக்கத் தேர்தல் ஊழியருக்கு அதே சட்டம் இடங்கொடுக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? சட்டம் பொது நன்மையை நோக்கியதாயிருக்க வேண்டும் என்று கற்பிக்கும் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், அது நீதி தவறும் வழிகளையும் எடுத்துக் காட்டுகிறார். ஆள்பவன் தன் சொந்த ஆசைக்காகச் சட்டம் செய்தால் அது அநீதி. நோக்கம் நல்லதாயிருந்தும் சுமையை ஏற்றத்தாழ்வாய்ச் சுமத்தினால் அதுவும் அநீதியே.

முதலில் நோக்கத்தைப் பார்ப்போம். 2020 நவம்பரில் ஜார்ஜியாவில் பதிவான ஏறக்குறைய 50 லட்சம் ஓட்டுகளில் 11,779 வித்தியாசத்தில் ஜனாதிபதி டிரம்ப் தோற்றார். கையால் எண்ணியும் முடிவு மாறவில்லை. அப்படியிருந்தும் 2021 ஜனவரி 2ந் தேதி அவர் மாநிலத் தேர்தல் தலைமை அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 ஓட்டுகளைக் கண்டெடுக்க வேண்டுமென்றார். அந்த அதிகாரி அதே கட்சிக்காரர், என்றாலும் இணங்கவில்லை. அந்த மாதமே கட்சி இரண்டு செனட் இடங்களையும் இழந்தது. மூன்று மாதம் முடியுமுன் புதிய சட்டம் வந்துவிட்டது. பிறர் உள்ளத்தைச் சோதிப்பவர் சர்வேசுரன் ஒருவரே. ஆனாலும் தோற்ற கையோடு விதியைத் திருத்துகிறவன் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன்: அந்த வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் என் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்களாயிருந்தால் இதை எழுதியிருப்பேனா?

இந்தக் கேள்வி ஒரு கட்சிக்கு மட்டும் உரியதல்ல. 1945 வரை ஜார்ஜியாவில் தலைவரி கட்டாத ஏழைக்கு ஓட்டில்லை என்றிருந்தது. வெகு காலம் அந்த ஏற்பாட்டைக் காத்து நின்றவர்கள் ஜனநாயகக் கட்சியாரே. மேரிலாந்து மாநிலத்தில் 2011ல் தொகுதி எல்லைகளைத் தங்களுக்குச் சாதகமாய் வளைத்தவர்களும் அவர்களே.

எட்டாம் கற்பனையும் இங்கே மீறப்பட்டது. கத்தோலிக்கரான ஜனாதிபதி பைடன், புதிய சட்டம் ஓட்டுப்பதிவை மாலை ஐந்து மணியோடு முடித்துவிடுகிறது என்றார். உண்மையில் தேர்தல் நாளில் காலை 7 முதல் இரவு 7 வரை என்ற பழைய நேரம் மாறவேயில்லை. நல்ல வழக்கை வாதாடுகிறவனுக்கும் பொய் சொல்ல அனுமதியில்லை.

இனிச் சுமை. இதுவே பெரிய விஷயம், ஏனெனில் தண்ணீரைப் பற்றிய கூச்சலில் வரிசை மறைந்துவிட்டது. 2020 ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் ஜார்ஜியாவில் பல இடங்களில் மக்கள் மணிக்கணக்காய்க் காத்து நின்றார்கள். கறுப்பின மக்கள் மிகுதியாய் வாழும் யூனியன் சிட்டியில் நள்ளிரவு தாண்டியும் ஓட்டுப் போட்டார்கள். புதிய இயந்திரங்கள், கொள்ளை நோயால் வராத ஊழியர்கள் எனக் காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் மெய்யே. ஆயினும் ஒரு பேட்டையில் கால்மணி நேரமும் இன்னொரு பேட்டையில் ஐந்து மணி நேரமும் ஒரே ஓட்டுக்கு விலையாயிருந்தால், அது அர்ச். தோமாஸ் சொன்ன ஏற்றத்தாழ்வான சுமையல்லவா? கைக்குழந்தைக்காரி அந்த விலையைக் கொடுக்க முடியாமல் வீடு திரும்புவாள். தினக்கூலிக்காரனும் அப்படியே. வரிசையில் நிற்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது இரக்கம். அவனை அத்தனை நேரம் நிறுத்தாதிருப்பது நீதி. நீதியாய்க் கொடுக்கவேண்டியதை இரக்கத்தின் பேரால் ஈடுசெய்ய முடியாது என்பது திருச்சபையின் பழைய போதனை.

2023 ஆகஸ்டில் நீதிபதி ஒருவர், 150 அடிக்கு அப்பால் தண்ணீர் கொடுக்கிறவர்களைத் தண்டிக்கலாகாதென்று தற்காலிகத் தடை விதித்தார். 150 அடிக்குள் விதி அப்படியே நின்றது. பத்திரிகைகள் அதைப் பெரிதாய் எழுதின. அதே 2021 சட்டத்தில், 2,000 வாக்காளருக்கு மேற்பட்ட சாவடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், அடுத்த பொதுத் தேர்தலுக்குள் அதைச் சிறிதாக்க வேண்டும், அல்லது ஊழியரையோ இயந்திரங்களையோ கூட்ட வேண்டும் என்றொரு பிரிவும் உண்டு. அதைப் பற்றி இரு தரப்பாரும் அவ்வளவாய்ப் பேசக் காணோம்.