வேலியும் பொட்டும்



பகைவர் இருவர் ஒரே கூரையின் கீழ் வாழ முடியுமா?

பசிபிக் சமுத்திரத்திலுள்ள பீஜித் தீவுகளில் ஸ்குவாமெல்லாரியா என்றொரு செடி உண்டு. மண்ணில் வேரூன்றாமல் பெருமரங்களின் கிளைகளிலே தொற்றி வளர்வது அது. வீங்கிய அதன் கிழங்கினுள்ளே அறைகள்; அறைகளிலே எறும்புகள். எறும்புகளின் கழிவே செடிக்கு உரம்.

கியோம் ஷோமிக்கி, சூசன் ரென்னர் முதலிய அறிஞர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. ஒன்றையொன்று கண்டால் கொல்லும் வெவ்வேறு இன எறும்புகள் ஒரே கிழங்கில் குடியிருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் தனி அறை, தனி வாசல். இடைச்சுவரை அகற்றியதும் எறும்புகள் போரிட்டு மடிந்தன.

அப்படியானால், சுவர்தான் சமாதானமா?

வன்னியில் இது வெறும் கேள்வியன்று. 2009இல் போர் முடிந்தபின் மீளக் குடியேறியவர்களில் பலருக்கு எல்லைக்கல்லும் மிஞ்சவில்லை, காணி உறுதியும் மிஞ்சவில்லை. எல்லை தெளியாத காணியில் அயலுறவு நிலைப்பது கடினம். ஆகவே நீதியான வேலியைப் பழிக்க வேண்டாம். உரிமையைத் தெளிவாக்காமல் ‘சமாதானமாயிருங்கள்’ என்று போதிப்பது எளியவனின் வாயை அடைப்பதாகும்.

ஆனால் வேலியோடு நின்றுவிடுவது எறும்பின் சமாதானம். அடிபடாமல் இருப்பது வேறு, அன்பு செய்வது வேறு. எங்கள் முன்னோர் வேலியும் அடைத்தார்கள். அதிலே ஒரு பொட்டும் விட்டார்கள். அடுப்புத் தணலும் கறிக்கோப்பையும் அப்பொட்டு வழியே போய்வந்தன. எறும்புக்குப் பொட்டு விடத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும், ஆகையால் கடமையும் அவனுடையதே.

உங்கள் வேலி நேரானதா? நல்லது. அதில் பொட்டு எங்கே?