தனியே அழைத்துச் சென்றார்



மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்திலே காது கேளாத ஒருவனைக் காண்கிறோம். அவனுக்கு நாவும் திருந்தப் பேசாது. அவன்மேல் கை வைக்கும்படி மற்றவர்கள் மன்றாடுகிறார்கள். ஆண்டவர் முதலிற் செய்தது என்ன? கூட்டத்தை விட்டு அவனைத் தனியே அழைத்துச் சென்றார். காதில் விரலை வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை நோக்கிப் பெருமூச்சு விட்டார். அவனுக்கு விளங்கும் மொழி தொடுகை ஒன்றே. குணமாக்கும் சொல் அதற்குப் பின்னரே வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டுகளிலே சில வேளைகளில் நடப்பது என்ன? கட்டிலைச் சூழ மாணவர் நிற்க, வருத்தக்காரரின் நோயைப் பற்றி அவருக்கு விளங்காத ஆங்கிலத்தில் அவர் தலைக்கு மேலாகவே பேச்சு நடக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

நல்ல மனமும் நல்ல வார்த்தையும் பிறவிக் குணம், கற்பிக்க முடியாது என்பார் சிலர். அப்படியன்று. 1848இல் மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடங்கிய மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், பின்னர் தமிழிலேயே கற்பித்தார். நோயாளியின் மொழி வைத்தியனின் மொழியாக வேண்டும் என்பதற்கு அது நல்ல சாட்சி. 1963இல் அமெரிக்காவில் ஹவார்ட் பரோஸ் என்ற வைத்தியர், நோயாளியைப் போல நடிக்கப் பழக்கிய ஒருவரை மாணவர் முன் இருத்திப் பயிற்சி கொடுத்தார். துக்கமான செய்தியைச் சொல்வதற்கு 2000ஆம் ஆண்டில் ஆறு படிகள் வகுக்கப்பட்டன: தனிமையான இடத்தைத் தேடு, நோயாளி அறிந்திருப்பதைக் கேள், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேள், எளிய சொல்லிற் சொல், அவர் துக்கத்துக்கு இடங்கொடு, இனிச் செய்யவேண்டியதை அவரோடு சேர்ந்து தீர்மானி. முதற்படியைப் பாருங்கள். ஆண்டவர் செய்ததும் அதுவே அல்லவா? சொல்லுமுன் இருமுறை கேட்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

பெற்றோரே, பிள்ளை மருத்துவ பீடத்துக்கு எடுபட வேண்டுமென்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறோம். காலையும் மாலையும் ரியூசனுக்கு அனுப்புகிறோம். ஆனால் அப்பம்மா தன் முழங்கால் நோவைச் சொல்லத் தொடங்கினால், "படிப்புக் குழம்பும், எழும்பிப் போ" என்று பிள்ளையை எழுப்பி விடுபவர்களும் நாமே. கேட்கப் பழகாத பிள்ளை வெள்ளைக் கோட்டைப் போட்டவுடன் கேட்கத் தொடங்குமா? பல்கலைக்கழகம் கற்பிக்கட்டும். ஆயினும் அரிச்சுவடி வீட்டிலேதான்.

ஞானஸ்நானத்திலே குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பது இப்புதுமையின் நினைவாகவே. அந்த மனிதனுக்கு முதலில் திறந்தது காது. நாவின் கட்டு அதன்பின்னரே அவிழ்ந்தது. இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளையை அப்பம்மாவின் அருகில் ஐந்து நிமிடம் இருக்க விடுங்கள். எங்கள் பிள்ளைகளின் காதுகளை ஆண்டவர் திறப்பாராக.