பாத்திரத்தில் வைத்த மன்னா



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு சகோதரி வந்து கேட்டார்கள்: "பாஸ்டர் ஐயா, எங்க எஸ்டேட் லைன்ல சிக்னலே கிடையாது. டவுனுக்கு வர்றப்போ யூடியூப்ல பாட்டு, செய்தியெல்லாம் இறக்கி வச்சுக்கிட்டுப் போறேன். இது பாவமா?"

"தேவனுடைய பாட்டுத்தானேம்மா, எடுத்துக்கோங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. ஆவியானவர் தடுத்தார்.

பிடித்து வைத்துக் கேட்பது நமக்குப் புதிதா? இலங்கை புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் தமிழ்ச் செய்தி வரும்போது, ரேடியோ பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த வீடுகள் நம்மிலும் உண்டு. சேமிப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

யாத்திராகமம் 16-ஐ வாசித்துப் பாருங்கள். சொல் மீறி மறுநாளுக்கு வைத்த மன்னா புழுத்து நாறிப்போயிற்று. ஓய்வுநாளுக்காக வைக்கச் சொன்னது கெடவில்லை. தலைமுறைகளுக்காக ஆரோன் கலசத்தில் வைத்ததும் அதே மன்னாதான். வித்தியாசம் மன்னாவில் இல்லை, கொடுத்தவருடைய வார்த்தையில் இருந்தது.

நம் வாலிபத் தம்பி ஒருவன் வாதாடினான்: "ஐயா, ஓடுற பாட்டும் துண்டு துண்டா என் போனுக்குள்ள வந்துதான் கேக்குது. வந்ததைத்தானே வச்சுக்கிட்டேன்?" சாமர்த்தியமான பேச்சுதான். ஆனால் தம்பி, மன்னாவும் அவர்கள் பாளயத்தைச் சுற்றித்தானே விழுந்தது! கைக்கு எட்டினதினாலே அனுமதி வந்துவிடுமா? பைபிள்.இஸ் ஆப்பில் வேதத்தின் ஆடியோவை இலவசமாய் இறக்கிக்கொள்ளச் சொல்லியே கொடுக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் பணம் கட்டினவர்கள் பாட்டை இறக்கலாம். ஆனால் அந்த ஆப்புக்குள்ளேதான் கேட்கவேண்டும், 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணையவேண்டும். ஆப்புக்கு வெளியே ஃபைலாய் உருவி எடுப்பது வேறே காரியம்.

இதை எழுத எனக்கு யோக்கியதை குறைவு. பல வருஷங்களுக்கு முன் நம் கன்வென்ஷனில், நெட்டிலிருந்து இறக்கின பாட்டுகளை 40 பென்டிரைவில் ஏற்றி, ஒன்று 150 ரூபாய்க்கு விற்றோம். பணம் ஆலயக் கட்டட நிதிக்குப் போயிற்று. ஊழியம்தானே என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பாட்டுகளைப் பாடின சகோதரரே வந்தார். "இங்க எல்லாருக்கும் என் பாட்டு தெரியுது பாஸ்டர், ஸ்டுடியோக் கடன்தான் இன்னும் முடியல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் இல்லை.

அர்வனா களத்தையும் மாடுகளையும் சும்மா கொடுக்க வந்தும், தனக்குச் செலவில்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்த தாவீதுக்கு மனமில்லை. 50 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தான் (2 சாமுவேல் 24). நானோ கேட்காமலே எடுத்து, அடுத்தவன் செலவில் பலி செலுத்தினேன்.

சகோதரி கேட்ட வாரமே அந்தச் சகோதரருக்கு 6,000 ரூபாய் அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். சகேயு மாதிரி நாலத்தனை கொடுக்க மனசு வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

சகோதரிக்கு வேத ஆடியோவை அன்றே இறக்கிக் கொடுத்தோம். அவர்கள் கேட்கிற பிரசங்கியாருக்கும் பாடகர் ஒருவருக்கும் அவர்கள் முன்னாலேயே செய்தி அனுப்பினோம். "தாராளமா வச்சுக்கச் சொல்லுங்க" என்று பிரசங்கியாரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. பாடகரிடமிருந்து இன்னும் வரவில்லை. அந்தப் பாட்டுகளைச் சகோதரி போனிலிருந்து அழித்துவிட்டு, டவுனுக்கு வரும்போது மட்டும் கேட்கிறார்கள்.