மழைக்குக் காத்திருத்தல்

மேலை நாட்டு நகரத்தார் சிலர், விரைவு வாழ்க்கையில் சலிப்புற்று, அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளின் பண்டைக் கெல்டிக் மக்கள் போற்றிய பருவ நாட்களை மீண்டும் கொண்டாடத் தலைப்பட்டுள்ளனர். நவம்பர் முதல் நாள் ‘ஸவின்’. கோடை மேய்ச்சலுக்குச் சென்ற மாடுகள் வீடு திரும்பும் காலம். மே முதல் நாள் ‘பெல்டேன்’. இரு தீக்களின் நடுவே அவற்றை ஓட்டி மீண்டும் மேய்ச்சலுக்கு அனுப்பும் நாள். பருவத்தோடு இசைந்து மெல்ல வாழ்வதே அறம் என்பர் இவர்கள். நல்ல எண்ணந்தான். ஆயினும், விரும்பியபோது விட்டுவிடக்கூடிய காத்திருப்பும், விட வழியற்ற காத்திருப்பும் ஒன்றாகுமா?

இதனை ஆராய அயர்லாந்து செல்ல வேண்டுவதில்லை. ஆடி 18ஆம் நாள் திருவரங்கத்து அம்மா மண்டபத் துறையில் மக்கள் திரண்டு புதுப்புனலை வரவேற்கின்றனர். அது குடகு மலையில் பெய்த மழை. அதே திருச்சி மாவட்டத்தின் தென்மேற்கேயுள்ள மருங்காபுரிக்கோ காவிரி எட்டுவதில்லை. மானாவாரி நிலத்தையும் குளங்களையும் நம்பியவர்கள் ஐப்பசிப் பெருமழைவரை வானத்தைப் பார்த்திருத்தல் வேண்டும்.

அக்காத்திருப்பைச் சோம்பல் என்று எண்ணிவிடலாகாது. கோடையில் ஒரு மழை விழுந்தால் உழவு, குளத்து வண்டலை வண்டியேற்றி வயலில் கொட்டுதல், கரையை அடைத்தல், வரத்துக்காலைத் தூர்வாருதல். இவற்றைச் செய்யாதவனுக்கு மழை வந்தும் பயன் குறைவே. வரத்துக்காலோ ஒருவர் தனித்துத் தூர்வாரக் கூடியதன்று; ஊர் கூடவேண்டும். குடிமராமத்து என்றது அதனையே.

பருவத்தை மதிப்பது வேறு, வணங்குவது வேறு. நம் நோன்பு எப்பருவத்திற்கும் கட்டுப்பட்டதன்று. பிறையாண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவாதலின், 2000இல் கார்த்திகை மாதத்தில் தொடங்கிய ரமலான் 2019இல் கத்திரி வெயிலில் வந்தது. எப்பருவத்தில் வரினும், ஓர் ஊரின் செல்வரும் வறியவரும் ஒரே மஃரிபுக்குக் காத்திருக்கின்றனர். மழைக்கும் ஊர்கள் அவ்வாறு ஒருங்கே காத்திருந்ததுண்டு. பட்டினி எல்லார்க்கும் சமமாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. குளம் எல்லார்க்கும் வேண்டியதாயிருந்தது.

பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு இறங்கிய பின் அந்நிலை மாறியது. கிணறு வெட்டியவனைக் குறைகூற மனம் ஒப்பவில்லை. கடன்பட்டு விதைத்தவனிடம் வானத்தைப் பார்த்திரு என்று உபதேசிக்க நாம் யார்? ஆனால், அவன் இனி வரத்துக்கால் வெட்ட மண்வெட்டியுடன் வருவதில்லை. குளத்தில் தேங்கும் நீரில் ஒரு பங்கு மண்ணுள் இறங்கியே கிணறுகளுக்குச் சேர்கிறது. அக்குளத்தைக் காக்கும் வேலையோ கிணறு வெட்ட வசதியற்ற சிலர்மேல் மட்டும் விழுகிறது. அவர்களும் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் பேருந்து ஏறிவிட்டால் கரையை யார் அடைப்பது?